வில்லங்கம் பார்த்தல்

வெள்ளிநிறம் என்று சொல்லியிருந்தார்.
நேரில் பார்த்தால் சாம்பல்.
லொந்த்ரீனாவின் செம்மண்
சக்கர இடுக்குகளில் இன்னும் ஈரமாக இருந்தது.

பானெட்டைத் தூக்கி முட்டுக்கொடுத்தார் வால்டெசிர்.
பாருங்கள் தோனா ஜுரேமா,
துரும்பளவு துரு கிடையாது,
எஞ்சின் குழந்தை மாதிரி தூங்கும்.
எழுந்து ஓடுமா, என்றேன்.

எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.
நான் கேக் செய்கிறவள்.
மூன்றடுக்குக் கேக்கை மடியில் வைத்துப் பேருந்தில் ஏறி
இரண்டடுக்கோடு இறங்கியவள்.
எண்கள் மட்டும் தெரியும்.

வண்டித் தாளில் இருந்த பதினோரு இலக்கத்தையும்
ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.
வில்லங்கமா? என் வண்டியிலா?
ஏழா ஒன்றா என்று இரண்டு முறை கேட்டேன்.
இரண்டாம் முறை சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

நிவால்டோவைக் கட்டிக்கொண்டபோது
நான் எந்த எண்ணையும் கேட்கவில்லை.
பல்வரிசை பார்த்தேன், நடனம் பார்த்தேன்.
நாலாம் மாதம்
ஃபிரிட்ஜைத் தூக்கிப்போக வந்தவர்கள்
உள்ளே இருந்த தண்ணீர் பாட்டில்களை
மேசைமேல் அடுக்கிவைத்துவிட்டுப் போனார்கள்.
மரியாதையான ஆட்கள்.

செல்போனில் வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது.
வாகன வரி, இரண்டு வருடம்.
உரிமக் கட்டணம், ஒன்று.
அபராதம், அபராதம், அபராதம்.
அதற்கும் கீழே, எறும்பு எழுத்தில்:
வண்டி வங்கியின் பிடியில். ஆறு தவணை பாக்கி.

அபராதங்களை உரக்கப் படித்தேன்.
சிவப்பு விளக்கு, அதிகாலை மூன்று பத்து.
சிவப்பு விளக்கு, மூன்று எட்டு.
சிவப்பு விளக்கு, மூன்று பன்னிரண்டு.
எல்லாம் ஒரே முக்கு.
அதற்குள் என் மனசு கதை கட்டிவிட்டது:
ஆஸ்பத்திரி, பிரசவ வலி,
பின்சீட்டில் மூச்சுத் திணறும் யாரோ.
இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால்
கேட்ட விலைக்குமேல் கொடுத்திருப்பேன்.

அதெல்லாம் இல்லை, என்றார்.
பேக்கரியில் மாவு பிசையப் போகிற நேரம் அது.
அந்த முக்கில் நின்றால் கார் போகும்,
நிற்காவிட்டால் காசு போகும்.
முதல் தடவை நின்றேன்.
கைக்கடிகாரத்தோடு விட்டார்கள், புண்ணியவான்கள்.

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

கேக் பெட்டி அட்டையின் பின்புறம்
பென்சிலால் கழித்துக்கொண்டே வந்தேன்.
வரி. கட்டணம். அபராதம். தவணை.
கடைசியில் அவர் கைக்கு மிஞ்சியது
ஒரு சுமாரான சைக்கிள் விலை.
அட்டையைத் திருப்பிப் பார்த்தார்,
முன்பக்கத்தில் வேறு கணக்கு இருக்கிறதா என்று.
ஸ்ட்ராபெரி படம்தான் இருந்தது.

பணத்தை உங்கள் கையில் தரமாட்டேன்,
நானே கட்டிவிடுகிறேன்,
தப்பாக நினைக்காதீர்கள், என்றேன்.
தப்பாகத்தான் நினைத்தார்.

லாட்டரிக் கடை வரிசையில் முன்னும் பின்னுமாக நின்றோம்.
இந்த ஊரில் கடன் கட்டுவதும்
அதிர்ஷ்டம் வாங்குவதும் ஒரே ஜன்னல்.
முன்னால் இருந்தவர் ஆறு எண்களுக்காக
விரல்விட்டுப் பிறந்தநாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
எங்கள் முறை வந்தது.
ஒவ்வொரு சீட்டுக்கும் இயந்திரம் ஒரு கீச்.
மூன்று பத்து, போனது.
மூன்று எட்டு, போனது.
மூன்று பன்னிரண்டுக்குக் கீச் வரவில்லை,
கசங்கல். அவரே நீவிக்கொடுத்தார்
மாவு தேய்த்த உள்ளங்கையால்.

வங்கி பிடியை விட இன்னும் பத்து நாளாம்.
அதுவரை சாவி அவரிடம்,
ரசீதுகள் என்னிடம்.

நேற்றிரவு தூக்கமில்லை.
மறுபடி அந்தப் பதினோரு இலக்கத்தை அடித்தேன்.
எறும்பு எழுத்து அப்படியே இருந்தது.
புதிதாக ஒன்றும் ஏறவில்லை.
மணி மூன்று ஒன்பது.
இந்நேரம் அந்த முக்குக்கு வந்திருப்பார்,
என் காரில்.
நிற்கட்டும் என்று வேண்டிக்கொள்வதா,
போகட்டும் என்றா?