நூற்றுக்கு ஒன்று

வந்தாறுமூலை. கச்சான் காற்றில்
ஆய்வுகூட ஜன்னல் அடித்துக்கொள்கிறது.
உலை ஆயிரத்து முந்நூறை எட்டுமுன்
கரண்ட் போயிற்று, இந்தக் கிழமை இரண்டாம் தரம்.
"மறுகா சுடுவம்" என்கிறாள் றிஸ்மியா,
மூக்கு நுனியில் பேரியம் டைட்டனேற்றுப் பொடி.

டிஸ்புரோசியம் போடாத வில்லைகள்
நாற்பது மணிநேரம் வெக்கை தாங்கின.
பிறகு கசிந்தன.
சுடும்போது ஒட்சிசன் கழன்றுபோன இடங்கள் இருக்கின்றனவே,
அவை சும்மா கிடப்பதில்லை.
வோல்ற்று தள்ளத் தள்ள
கதோட்டை நோக்கி நடக்கின்றன.
இல்லாத ஒன்று எப்படி நடக்கும் என்று
நிதிக்குழுவில் கேட்டார்கள்.
நடக்கும் ஐயா.

டிஸ்புரோசியத்துக்கு வீம்பில்லை.
பேரியத்தின் கதிரையிலும் அமரும்,
டைட்டேனியத்தின் கதிரையிலும்.
மணியின் நெஞ்சுக்குள் போகாது,
தோலில் நின்று வழிமறிக்கும்.
கூடினால் கொள்ளளவு படுத்துவிடும்.
அதனால் ஒன்று. நூற்றுக்கு ஒன்றே ஒன்று.

சோதனைப் பெட்டிக்கு மட்டும் ஜெனரேட்டர்.
இருநூற்றுப் பதினோராம் மணி.
ஊசி அசையவில்லை.
நான் எட்டி எட்டிப் பார்க்கிறேன்.
றிஸ்மியா பார்க்க மாட்டாளாம், கண்பட்டுவிடும் என்று
கொப்பியைத் திறந்து
டீசல் எத்தனை லீற்றர் என்று எழுதுகிறாள்.