கண்மட்டம்

உரிமம் சுவரில் இருக்க வேண்டும்,
வருகிறவர் கண்மட்டத்தில், என்கிறது விதி.
செந்தூல் ஆபீஸில் அந்த உயரத்தில்
ஏர்கோன் ஒழுகிய கறை இருந்தது.
அதன்மேலேயே ஆணி அடித்தேன்.
விதியும் திருப்தி, கறையும் மறைந்தது.

நகல் மாட்டக் கூடாது.
ஆண்டு முடிந்தால் பழையது தொங்கக் கூடாது.
டிசம்பரில் கழற்றுகிறபோது பார்க்கிறேன்,
கறை சட்டகத்தைவிட ஒரு விரல் வளர்ந்திருக்கிறது.

கழுத்து அட்டைக்கும் விதி உண்டு.
வீடு காட்டப் போனால் பெயர் தெரிய வேண்டும்.

நேற்று கெப்போங்கில், பதினேழாம் மாடி.
போனில் என் மாண்டரினை மெச்சிய வீட்டுக்காரம்மா
கதவைப் பாதி திறந்து அட்டையைப் படித்தாள்,
கோ-கி-ல-வா-ணி,
ஏதோ மருந்துப் பெயர்போல.
"வாடகைக்கு வர்றவங்களும் உங்க ஆளுங்களா?"

"இல்லை" என்றேன்.
லோ குடும்பம், இரண்டு பிள்ளைகள். பொய்யில்லை.
அவள் முகம் மலர்ந்தது, சாவி கைக்கு வந்தது.
அந்த "இல்லை" மட்டும்
பல்லிடுக்கு நார்போல நின்றுவிட்டது.

இறங்குகையில் மின்தூக்கிக் கண்ணாடியில்
அட்டை முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.
யார் திருப்பியது?
உள்ளே என்னைத் தவிர யாருமில்லை.

தரைத்தளம் வருவதற்குள்
நேராக்கிக்கொண்டேன்.