விட்டு

மண்டபத்தில் கச்சான் எழும்பிய மூன்றாம் நாள்
டவரின் ஒற்றைக் கோடும் ஆடியது.
வடகடலில் நாலு மைல் உள்ளே
நண்டு வலை இழுப்பவர்களின் போனில்
எங்கள் விலைப்பலகை
வெள்ளையாக நின்றது, சுற்றியது,
மறுபடி நின்றது.

குறை எங்கள் பக்கம்தான்.
டெம்ப்ளேட்டுகளை மூட்டையாகவே அனுப்பி
நீயே பிரி, நீயே படி, நீயே சமை என்று
ஏழாயிரம் ரூபாய் போனிடம் சொல்லியிருந்தோம்.
உப்புக் கை. வெடித்த கண்ணாடி.
பதினொரு சதவீதம் சார்ஜ்.
அதனிடம் போய்ச் சமையல்.

அன்றிரவு நண்டு கம்பெனி மாடியில்
அவித்த வாடைக்கு நடுவே உட்கார்ந்து
பில்டை மாற்றினேன்.
கீழே பெண்கள் ஓடுடைத்துச் சதை எடுப்பதுபோல
இனி எல்லாம் கரையிலேயே.
டெம்ப்ளேட்டுகள் இங்கேயே ஃபங்ஷன்களாகும்,
கடலுக்குப் போவது சதை மட்டும்.

பிறகு மினிஃபையரை ஓடவிட்டேன்.
வரி முறிவுகள் போயின,
நான் அடுக்கடுக்காய்த் தள்ளி எழுதிய ஓரங்கள்,
வேண்டாத மேற்கோள் குறிகள்,
யாரோ யாருக்கோ எழுதிவைத்த குறிப்புகள்.
நூற்றுப் பதினெட்டு கேபி
நாற்பத்தொன்றானது.
திரை பச்சையில் 'முடிந்தது' என்றது.
தூங்கப் போனேன்.

ஐந்தரைக்கு நீக்கிலாஸ் அழைத்தார்,
காற்றுக்கு மேலே கத்தினார்:
"தங்கச்சி, நண்டு கிலோ
மூவாயிரத்து நானூத்து எண்பதா?
மெய்யாவா? வள்ளத்தத் திருப்பவா?"

மூன்று, தரம்.
நானூற்று எண்பது, விலை.
இரண்டு ஸ்பேன்களைத்
தனித்தனி வரியில் எழுதியதால் மட்டுமே
நடுவில் பிறந்திருந்தது ஒரு வெற்றிடம்.
அதைத் தின்றிருந்தது மினிஃபையர்.

மூல ஃபைலைத் திறந்தால், அதே இடத்தில்
போன வருஷம் வேலையை விட்டுப்போன ஜெசிந்தா:
"இந்த இடைவெளியை எடுக்காதே.
தரமும் விலையும் ஒட்டிக்கொள்ளும்.
ஒருமுறை சுட்டுக்கொண்டேன்."

எந்திரம் முதலில் எறிந்தது இந்தக் குறிப்பை,
அப்புறம்தான் இடைவெளியை.
அதைக் குற்றம் சொல்ல முடியாது,
அதற்குப் படிக்கத் தெரியாது.
படிக்கத் தெரிந்தவள்
கேபியை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அழியாத இடைவெளி ஒன்றைக்
கையால் எழுதி வைத்தேன். ஆறு பைட் கூடியது.
அது கடலைத் தொடுவதற்குள்
நாலு வள்ளம் பாதி வலையோடு திரும்பிவிட்டன.

ஜெட்டிக்குப் போய் வாயால் சொன்னேன்:
"மூணாம் நம்பர். விட்டு. நானூத்து எண்பது."

யாரும் திட்டவில்லை. அதுதான் கஷ்டம்.
நீக்கிலாஸ் கூடையை இறக்கிவைத்து,
கொடுக்கில் சிக்கிய நரம்பைப் பல்லால் அறுத்துத் துப்பிவிட்டு,
"அந்த 'விட்டு'வையும்
சேத்துப் போட்டிருக்கலாம்ல" என்றார்.