கண்ணி

மூன்றாம் நாளாக மூடுபனி.
யூரா மலை எந்தப் பக்கம் நின்றதென்று
நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும்.
கிரென்ஹென் ஓடுபாதையில்
ஒரு காகம் மட்டும் இறங்கி ஏறுகிறது,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.

குதிக்க ஆளில்லாத நாள் எனக்கு வேலை நாள்.
நீள மேசையில் பைகள் குப்புறக் கிடக்கின்றன,
முதுகுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள் போல.
ஒவ்வொன்றாய் மூடியைத் தூக்கி
ஊசியை இழுத்துப் பார்க்கிறேன்.
சுலபமாய் வந்தால் நல்லதல்ல.
வர மறுத்தாலும் நல்லதல்ல.
இரண்டுக்கும் நடுவே ஓர் இறுக்கம் இருக்கிறது.
கையேடு அதைக் கிலோவில் சொல்கிறது,
விரல் வேறு மாதிரிச் சொல்கிறது.

கண்ணி என்றால்
பாட்டில் இரண்டடி.
காட்டில், பறவைக்கு வைத்த சுருக்கு.
இங்கே, சுண்டுவிரல் நீளக் கயிறு,
ஒரு முடிச்சு, ஓட்டை போட்ட ஒரு தகடு.
இருபது சதுர மீட்டர் துணியை
முதுகோடு அடக்கி வைத்திருப்பது இதுதான்.
விலை, கன்டீன் காப்பியில் பாதி.
இது தும்பு விட்டால்
பறவை பறந்துவிடும்,
பறக்கக் கூடாத இடத்தில்.

செப்டம்பரில், யூர்க்.
நாலாயிரம் மீட்டர். கதவு திறந்தாயிற்று.
மற்றவர்கள் போய்விட்டார்கள்.
வாசலில் எனக்கு முதுகு காட்டி
வெளியே கால் வைக்கப் போகிறான்.
பைக்கு அடியில், இடுப்பருகே,
சின்னக் குடை உறையை விட்டு
உள்ளங்கை அகலம் எட்டிப் பார்க்கிறது.
உறையின் எலாஸ்டிக்
பழைய காலுறை போலத் தொளதொளவென்று.
காற்று அதைத் தொட்டால்
முதலில் குடை போகும், பிறகு யூர்க் போவான்.
போகும் வழியில் விமானத்தின் வால் இருக்கிறது.

நான் கத்தவில்லை.
கத்தினால் திரும்புவான்,
திரும்பினால் காற்றுக்குக் கொண்டாட்டம்.
குடையைக் கையால் பொத்தி
அவன் முதுகோடு அழுத்தியபடி
சாண் சாணாக உள்ளே இழுத்தேன்.
விமானத்திலேயே இறங்கினோம்.
மயிரிழையில் என்றார்கள் ஜெர்மனில்.
நூலிழையில் என்று
எனக்குள் திருத்திக்கொண்டேன்.
தொழிலுக்கு அதுதான் பொருத்தம்.

யூர்க் நன்றி சொல்லவில்லை.
குதிக்காத பயணத்துக்கும்
நாற்பத்தெட்டு பிராங்க் வாங்குவார்களா என்றான்.
வாங்கினார்கள்.
உறையை மாற்று என்று மே மாதமே
எழுதிக் கொடுத்தேனே என்றேன்.
ஏழு வருடமாய் ஒன்றும் ஆகவில்லை என்றான்.
ஏழு வருடம் ஆகியிருக்கிறதே,
எலாஸ்டிக்குக்கு.

மொட்டுக்குப் போது என்று ஒரு பெயர்.
நேரத்துக்கும் அதுவே பெயர்.
அவிழ்வதும் பூப்பதும் ஒன்றென்று வைத்தவர்கள்
இப்படியொரு பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.
ஆனாலும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்று பனிக்குள்ளிருந்து அவனே வந்தான்,
பையைக் கைக்குழந்தை போல் ஏந்திக்கொண்டு.
புது உறை தைக்க ஒரு மணி நேரமாகும் என்றேன்.
உட்கார்ந்தான். எழுந்தான்.
கன்டீன் பூட்டியிருக்கிறது என்று வந்து சொன்னான்.
பிறகு, சலிப்பில்,
ஆணியில் தொங்கிய ஒரு பையின் மூடியைத் தூக்கி
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இது யாருடையது?
கண்ணி பாதி அறுந்திருக்கிறதே.

தையல் இயந்திரத்தை நிறுத்தினேன்.
சனிக்கிழமை மூன்று முறை
அந்தப் பையோடுதான் குதித்தேன்.
ஊரார் முதுகையெல்லாம் பார்ப்பவளுக்குத்
தன் முதுகு தெரிவதில்லை
என்று ஏதாவது அவன் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.
கத்தரிக்கோலை எடுத்து,
பிடி என் பக்கம் வரும்படி நீட்டினான்.

நாற்பத்தெட்டு பிராங்க் என்றான்.