நான்கு நகங்கள்

கறித் தொழிற்சாலையின் ஐந்தாம் கூடத்தில்
எனக்கு இடப்பக்கம் நின்றவள் எவுலாலியா பெந்தான்கோர்.
நான் டப்பாவில் தாள் ஒட்டித் தள்ளுவேன்.
அவள் சிறு கோலால் மூடியைத் தட்டிப் பார்ப்பாள்.
சரியாக அடைபட்டிருந்தால் ஓர் ஒலி,
காற்று புகுந்திருந்தால் மந்தமாய் இன்னொன்று.
நாளுக்கு நாலாயிரம் டப்பா.
அவள் காது ஒருமுறையும் தவறியதில்லை.

இடக்கையில் நகங்களை ஒட்ட வெட்டியிருப்பாள்.
வலக்கையில் நான்கு மட்டும் வளர்ந்து பளபளக்கும்,
சுண்டுவிரலுக்கு அந்த மரியாதை கிடையாது.
"பாதிச் சீமாட்டி" என்று சிரித்தோம்.
அவளும் சிரித்துவிட்டுக்
கையுறையை மாட்டிக்கொள்வாள்.

நைலான் எங்கள் ஆற்றங்கரைக்கு வராத காலம்.
அவள் கிதாரில் நரம்பென்றால் ஆட்டுக்குடல்தான்.
"இந்தப் பக்கம் டப்பா, அந்தப் பக்கம் பாட்டு,
உருகுவாயில் ஓர் ஆட்டுக்கு
இரண்டே வழி" என்பாள்.

ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை.
மேற்பார்வையாளர் இரிபார்னே
சுகாதார விதிகளை உரக்கப் படித்தார்.
கத்தரிக்கோலையும் அவரே கொண்டுவந்திருந்தார்.
சிமெண்ட் தரையில் நான்கு பிறைகள்.
அவளும் நானும் நகமும் சதையும் என்று
கூடம் முழுக்கச் சொல்வார்கள்.
நான் தாள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.
ஒரு டப்பாகூடக் கோணலாகவில்லை.

சனிக்கிழமை ரயில்வே தொழிலாளர் மன்றத்தில்
அவள் கச்சேரி. தள்ளிவைப்பாள் என்று நினைத்தோம்.
வந்தாள். வெறும் சதையால் வாசித்தாள்.
நரம்பில் விரல் படுவது தெரிந்தது,
ஒலி மட்டும் எங்கள் வரிசைக்கு வரவில்லை.
யாரோ நாற்காலியை முன்னே இழுத்தார்,
பிறகு எல்லோரும்.
மதுக்கடைக்காரர் எழுந்துபோய்
குளிர்பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினார்.
அப்போதுதான் கேட்டது.
தூங்கும் குழந்தையின் போர்வையைச்
சரிசெய்கிற அளவுக்குத்தான் சத்தம்.

செப்டம்பரில் நகம் வளர்ந்துவிட்டது.
தானே வெட்டிக்கொண்டாள். ஏனென்று
நான் கேட்கவில்லை; கேட்கும் யோக்கியதை இல்லை.
மிஞ்சிய ஒட்டுத்தாள்களைத் திருடிக் கொடுத்தேன்.
ஒரு புறம் சிவப்பு மாட்டுத்தலை,
மறுபுறம் அவள் கோடு கிழித்து எழுதிய ஸ்வரங்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள்.
என் மன்னிப்பை அவள் அப்படித்தான்
எண்ணி வாங்கிக்கொண்டாள்.

பிறகு மொந்தேவீடியோ, பிறகு கப்பல்,
ஒரு கல்யாணம், அது முறிந்தது,
லிஸ்பனில் ஒரு குளிர்ந்த மாடியறை.
பத்திரிகை நறுக்கு ஒன்று அனுப்பினாள்:
அவளுடைய 'பட்டுத் தொனி'யின் ரகசியம் குறித்து
ஒரு பேராசிரியர் மூன்று பத்தி எழுதியிருந்தார்.
ஓரத்தில் பென்சிலால் அவள் கையெழுத்து:
"இரிபார்னேவுக்குக் காட்டு."
அவர் செத்து இரண்டு வருடமாகியிருந்தது.

இசைத்தட்டு போன மாதம்தான் வந்தது.
மூன்றாவது துண்டில் நரம்பை விட்டுவிட்டு
கிதாரின் மரத்தைத் தட்டிக்கொண்டே போகிறாள்,
ஒரே சீராக, ஒரே ஒலியாக.
நடுவில் ஒரு தட்டு மந்தமாய் விழுகிறது.
பிசகு என்கிறான் என் மருமகன்.

நான் கையை நீட்டி
அந்த டப்பாவை எடுத்து
ஓரமாக வைக்கிறேன்.