சாட்சிக் கட்டம்

நைரோபி விமான நிலையத்தின் சரக்குப் பக்கம்,
ஏழாம் எண் குளிர்கிடங்கு.
அரை மணிக்கு ஒருதரம் வெப்பமானியைப் பார்த்து
பேரேட்டில் எண் எழுதுகிறவன் நான், ஒதெரா.
அதற்குமேல் என் எழுத்துக்கு மதிப்பிருந்ததில்லை,
அந்தப் பிப்ரவரி இரவு வரை.

நைவாஷாவிலிருந்து லாரி வந்தபோது பத்தே முக்கால்.
நானூற்றுப் பன்னிரண்டு பெட்டி ரோஜா,
ஒன்றுகூட வாய் திறக்காத மொட்டு.
முன்சீட்டிலிருந்து வாங்கேச்சி இறங்கினாள்,
ரப்பர் காலணியில் தோட்டத்து மண்ணோடு.
ஆம்ஸ்டர்டாம் விமானம் இரண்டு மணிக்கு.
காதலர் தினத்துக்கு நாலே நாள்.

முதிசோ அவளை வாசலிலேயே நிறுத்தினார்.
சத்தம் போடவில்லை. நாற்காலி கொடுத்தார்.
இஞ்சி தட்டிப் போட்ட டீ வரவழைத்தார்.
பேசிய கட்டணம் பேசியதுதான், ஆனால்
இனி இரண்டு மடங்கு, என்றார்.
அதோடு மூன்று வருஷம்
எங்கள் வழியாக மட்டும்தான் பூ போகணும்.
ஒன்பது பக்கம்.
கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு.

அவள் தூங்கிக்கொண்டிருந்த பதினோரு பேரை
போனில் எழுப்பினாள்.
எல்லாருக்கும் அதே பிப்ரவரி.
ஒருத்தன் மட்டும்
நாளை மறுநாள் பார்க்கலாம் என்றான்.
நாளை மறுநாள் ரோஜா என்பது
மாட்டுக்குப் போடுகிற தழை.

லாரியின் குளிரூட்டிக்கு டீசல் தீர்ந்துவிட்டது.
அது என் கிடங்கு இல்லை, என் பொறுப்பும் இல்லை.
கை பழகிவிட்டதால் போய்ப் பார்த்தேன்.
பதினொன்றுக்கு ஐந்து டிகிரி.
பதினொன்றரைக்கு எட்டு.
பன்னிரண்டுக்குப் பதினொன்று.
எழுதி வைத்தேன்.

பன்னிரண்டு ஐந்துக்கு அவள் பேனாவைக் கேட்டாள்.
பன்னிரண்டு ஏழுக்குக் கதவு திறந்தது.

*

கத்தி இருந்ததா? என்று கேட்டார் கம்பெனி வக்கீல்.
இல்லை.
கை ஓங்கினார்களா?
இல்லை.
டீ?
கொடுத்தார்கள்.
சர்க்கரையோடா?
கூடத்தில் சிரித்தார்கள். நானும்தான்.
படித்துப் பார்த்துத்தானே கையெழுத்திட்டார்?
ஒன்பது பக்கத்தையும்.
சாட்சிக் கட்டத்தில் இருப்பது உங்கள் பெயர்தானே?
என்னுடையதுதான்.

நீதிபதி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பேரம் பேசுவது குற்றமில்லை, என்றார்,
சந்தையில் தக்காளிக்காரிகூட அடித்துத்தான் பேசுவாள்.
நெருக்கடி வேறு, நெருக்குவது வேறு.
அன்றிரவு அந்தப் பெண்ணுக்கு
வேறு வாசல் ஏதாவது இருந்ததா?
அதை எனக்குக் காட்டுங்கள்.

பேரேட்டைக் கேட்டார்கள்.
எண்ணெய்க் கறையோடு மேசைக்குப் போனது.
ஐந்து. எட்டு. பதினொன்று.
விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து நகர்த்தினார்,
உருகுகிற ஒன்றை அளப்பவர் போல.

அப்புறம் அவள் செய்தியையும் படித்தார்கள்.
அன்று விடிகாலை ஆறே கால்,
விமானம் பாலைவனத்தைத் தாண்டியிருக்கும் நேரம்,
முதிசோவின் போனுக்கு வந்தது:
“ஒப்பமிட்டேன், ஒப்பவில்லை.
பூவுக்காக எழுதினேன்.
பழைய கட்டணம் தருகிறேன், மற்றது செல்லாது.”

செல்லாது என்றுதான் தீர்ப்பும் வந்தது.
ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு
அதே தாளின்படி பணம் கட்டியிருந்தால்
வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றும்
ஒரு வரி இருந்தது.
வாங்கேச்சி அந்த வரியில்தான்
உட்கார்ந்துவிட்டாள்.

*

யாரும் என்னிடம் கேட்காத கேள்வி ஒன்று.
ஒதெரா, நீ ஏன் எழுதினாய்?

அவள் பேனாவை வைத்ததும்
முதிசோ தாளை என் பக்கம் திருப்பினார்.
பதினைந்தாம் தேதி உன் வேலை ஒப்பந்தம் முடிகிறதில்லையா,
புதுப்பிக்கணுமே, என்றார்.
அவ்வளவுதான். நட்பாகத்தான் சொன்னார்.
எனக்கு டீ இல்லை.

அவள் பெயருக்குக் கீழே என் பெயர்,
அவளுடையதைவிட அழகான எழுத்தில்.
அவளுடையதை ரத்து செய்தாயிற்று.
என்னுடையது அந்தக் கட்டுக்குள் அப்படியே கிடக்கிறது.

இப்போது கிசுமுவில், மீன் கிடங்கில் இருக்கிறேன்.
மைனஸ் பதினெட்டு.
அரை மணிக்கு ஒருதரம் எழுதுகிறேன்.