இரைச்சல் நீக்கம்

எனக்கு ஸ்பானிஷ் தெரியாது.
வாரத்தில் இரண்டரை நாள்
இந்தப் பள்ளியின் கம்பிகளுக்கும் கடவுச்சொற்களுக்கும் நான் பொறுப்பு.
மிச்ச நாளெல்லாம் நகராட்சி நூலகத்தில்
அச்சு இயந்திரத்தோடு மல்லுக்கட்டு.

நவம்பர் கடைசி. கெமியார்வியில் மதியம் இரண்டு.
சூரியன் தலைகாட்டிவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் இருக்கும்.
எட்டாம் வகுப்பில் ஏழு பேர்
திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்,
பல் மருத்துவர் எப்போது கூப்பிடுவாரோ என்பதுபோல.

திரைக்குள் காலை ஒன்பது.
வரைபடம் தீர்ந்துபோகும் இடத்தில், புந்தா அரேனாஸ்.
கண்கூசும் வெளிச்சத்தில் இருபத்தாறு பிள்ளைகள்
ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி
ஒரே சமயத்தில் பேசினார்கள்.
எங்கள் ஏழு பேரும்
ஒரே சமயத்தில் பேசாமல் இருந்தார்கள்.

இது நான்காவது அழைப்பு.
முந்தைய மூன்றும் பெயர், வயது, பிடித்த நிறம்.

தனிட்சா என்ற பெண் முன்னால் வந்து
ஓய்வாவிடம் ஏதோ கேட்டாள்.
உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன சத்தம் கேட்கும் என்று கேட்டாளாம்,
ஹில்லெவி டீச்சர் பிறகு சொன்னது.

ஓய்வா யோசித்தான்.
அவனுக்கு யோசிப்பதென்றால் முழுநேர வேலை:
இமை அசையாது, உதடு அசையாது.
அவன் அப்பாவும் அப்படித்தான்,
பெட்ரோல் பங்க்கில் எத்தனை லிட்டர் என்று கேட்டாலும்.

ஐந்து நொடி. எட்டு. பதினொன்று.

தனிட்சா பின்னால் திரும்பிச் சொன்னாள்:
சே கொங்ஹெலோ.
உறைந்துவிட்டது.

அவள் சொன்னது படத்தை.
என் கை தானாக ரவுட்டர் பக்கம் போனது.
பச்சை விளக்கு நான்கும் எரிந்துகொண்டுதான் இருந்தன.

அப்போது ஓய்வா வாய் திறந்தான்.
கடையில் மீன் பொட்டலத்தின் மேல் பார்த்த சொல் அது.
"ஆமாம்," என்றான், "மூன்று வாரமாச்சு.
ஏரி."

சிரிப்பு அங்கே போய்ச் சேர அரை நொடி,
திரும்பி வர அரை நொடி.
அது அடங்குவதற்குள் அவனே அடுத்த வாக்கியமும் சொன்னான்,
தாளைப் பார்க்காமல்:
"ஏரி சத்தம் போடும்."

கோட்டு, கையுறை, பையில் தொங்கும் ஒளிவில்லை எல்லாம் மாட்டிக்கொண்டு
கரைக்கு இறங்கினோம்.
பள்ளியின் வைஃபை சைக்கிள் கொட்டகையோடு சரி;
அதன்பின் என் கைபேசி, என் செலவு.

மைனஸ் பதினாறு.
எங்கோ தொலைவில் ஒரு தகரக் கதவை இழுத்து மூடியதுபோல் ஒரு சத்தம்.
பிறகு அந்தக் கதவே
தண்ணீருக்கடியில் அக்கரைக்கு ஓடியதுபோல்.
கைபேசியைப் பனிக்கட்டிக்கு அருகில் பிடித்தேன்.
தனிட்சா தலையை ஆட்டினாள். நாதா.

அந்த ஒரு ஸ்பானிஷ் சொல் எனக்கே புரிந்தது.
ஏன் என்பதும்.

செப்டம்பரில் நான்தான் அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.
பின்னணி இரைச்சலை நீக்கு: அதிகபட்சம்.
மனிதர் பேசுவது தவிர மற்றதெல்லாம் இரைச்சல்.
நாற்காலி இழுபடுவது,
இருமல்,
ஏரி.

கையுறையைப் பல்லால் கழற்றி அதை எடுத்துவிட்டேன்.
அவர்களையும் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன் ஹில்லெவியிடம்.

முதலில் வந்தது காற்று.
ஜன்னல் சட்டங்களைப் பிடித்து உலுக்கும்,
ஓட்டைப் பெயர்க்கப் பார்க்கும் காற்று.
அது மிஞ்சிப்போகும் நாட்களில்
ஆட்கள் பிடித்துக்கொண்டு நடக்கத்
தெருமுனையில் கயிறு கட்டுவார்களாம்.
இத்தனை வாரமும் அதற்குள் நின்றுதான்
பிடித்த நிறம் சொல்லியிருக்கிறார்கள்.
கத்திப் பேசும் பிள்ளைகள் என்று நினைத்திருந்தேன்.
காற்றைத் தாண்டிப் பேசக் கற்ற பிள்ளைகள்.

மறுபடி ஏரி முனகியது. நீளமாக.

இருபத்தாறு பேரும் அசையவில்லை.
ஒருவேளை படம்தான் உறைந்துவிட்டதோ என்று
நான் திரையை உற்றுப் பார்த்தேன்.
தனிட்சா மெல்ல இமைத்தாள்.

ஒன்பது சதவீதத்தில்
குளிர் தாங்காமல் கைபேசி செத்தது.

மாதக் கடைசிப் படிவத்தில் எழுதினேன்:
ஒலித் தரம், மோசம்.
பழுது, இல்லை.